விளக்கு எரிந்தால் போதுமா?

(பெங்களூரில் நடந்த நமது காலாண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி எனக்குக் கொடுத்த தலைப்பு, "ஆத்து எலக்ட்ரிக்கல் வேலையை நாமே செய்யலாமா, ஆளைக் கூப்பிடலாமா?" என்பது. இது நம் க்ருஹங்களில் ரொம்ப நாளாக நடந்து வரும் வழக்கு. "ஒரு ஸ்விட்ச் மாத்தறதுக்கு அவன் முந்நூறு ரூபாய் கேக்கறான். நான் முப்பது வருஷம் ஃபாக்டரியிலே குப்பை கொட்டினவன், எனக்குத் தெரியாதா?" என்பார் மாமா. "உங்களுக்கு எல்லாம் தெரியும். ஸ்டூல்லேருந்து இறங்குங்கோ முதல்ல" என்பாள் மாமி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேலையை யார் செய்தாலும், அது சரியாகச் செய்யப்பட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கு நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

மின்சாரம் நமக்குப் புதிது அல்ல. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர். அவர் முனைந்து தொடங்கிய திட்டம்தான் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம். 1901-ல் அவர் காலமானார். 1902-ல் அங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. 1905-ல் பெங்களூருக்கும் வந்தது. ஆக, இந்த ஊரில் மின்விளக்குக்கு நூற்றிருபது வயது ஆகிவிட்டது. மூன்று நான்கு தலைமுறைகள் பழகிய வஸ்து. பழக்கத்தால் பயம் போய்விட்டது. அதுதான் இப்போது சங்கடம்.

மல்லேஸ்வரம், பஸவனகுடி பக்கம் பழைய வீடுகளில் போய்ப் பார்த்தால், ஒரே வீட்டுக்குள் பல காலத்து வயரிங் இருக்கும். கூடத்தில் மரப்பட்டை மேல் கிளிப் அடித்து ஓடும் வயர். தாம்பரம் கிடைக்காத காலத்தில் போட்ட அலுமினிய வயர் படுக்கையறையில். கீஸர் வந்தபோது போட்ட தாமிர வயர் ஸ்நான அறையில். இதெல்லாம் போதாதென்று இன்வர்ட்டருக்காக மேலே தனியாக ஒரு லைன். இவற்றை ஒன்றோடொன்று யார் எப்படி முறுக்கிச் சேர்த்தார்கள் என்பது சுவருக்குத்தான் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குழாய் வேலையில் தப்பு செய்தால் உடனே சொட்டும். தச்சு வேலையில் தப்பு செய்தால் கதவு சாத்தாது. சமையலில் உப்பு கூடினால் வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். எலக்ட்ரிக்கல் வேலை அப்படி இல்லை. தப்பாகச் செய்தாலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், மிக்ஸி ஓடும். பத்து வருஷம் ஓடும். பதினோராவது வருஷம், ஒரு நாள், ஒருவர் தொடும்போதுதான் தெரியும். விளக்கு எரிகிறது என்பதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: விளக்குக்கு மின்சாரம் வருகிறது. வேலை சரி என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நான்கு உதாரணங்கள் சொல்கிறேன். நான்கும் சாதாரணமாகக் காண்பவை.

முதலாவது, ஸ்விட்சை ஃபேஸ் வயரில் வைக்காமல் நியூட்ரலில் வைப்பது. ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். குறை ஒன்றும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பல்ப் மாற்ற ஏறுகிறவர், "ஸ்விட்சை அணைச்சாச்சு" என்று தைரியமாகக் கை வைப்பார்.

இரண்டாவது, எர்த் இல்லாத வீட்டில் மூன்று துளை ப்ளக் பாயிண்ட் போட்டு, எர்த் துளையை உள்ளேயே நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் இணைப்பது. ஃப்ரிட்ஜ் ஓடும், வாஷிங் மெஷின் ஓடும். என்றைக்காவது நியூட்ரல் வயர் எங்காவது விட்டுப் போனால், அந்த நிமிஷமே மெஷினின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். பாதுகாப்புக்காக ஏற்பட்ட கம்பியே ஆளைக் கொல்லும் கம்பியாகிறது.

மூன்றாவது, "எம்.சி.பி. அடிக்கடி விழறது" என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுவது. பழைய காலத்தில் ஃப்யூஸ் கட்டையில் தடிமனான தாமிர இழையைச் சுற்றினோமே, அதன் புதிய அவதாரம்தான் இது. அதன் பிறகு எம்.சி.பி. விழாது, உண்மைதான். ஆனால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர் அப்படியேதான் இருக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு ஆகும். எம்.சி.பி. செய்ய வேண்டிய வேலையை வயர் செய்ய ஆரம்பிக்கும், அதாவது எரியும்.

நான்காவது, வயரின் நிறம். நம் வீட்டுச் சுவர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வெகு காலமாக இருந்து வரும் வழக்கம். கடையில் வாங்கும் சாமானின் வயரிலோ பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஒரே நீலம், சுவருக்குள் ஃபேஸாக இருக்கலாம், சாமானில் நியூட்ரல். "நீலத்தோட நீலத்தைச் சேர்த்துட்டேன், ஓடறது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஓடத்தான் செய்யும்.

இந்த நான்கிலும் கவனித்தீர்களா? தப்பைச் செய்தவர் ஒருவர், அதைத் தொடப் போகிறவர் வேறொருவர். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் துடைக்கும் வேலைக்கார அம்மாள், லீவுக்கு வந்த பேரக்குழந்தை, நாம் காலி செய்த பிறகு குடி வரும் முன்பின் தெரியாத குடும்பம் என்று யாராகவும் இருக்கலாம். அதனால்தான் "என் வீடு, என் கை, என் இஷ்டம்" என்ற வாதம் இந்த விஷயத்தில் எடுபடாது.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும் என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. ஜீரோ வாட் பல்ப் என்று ராத்திரி எரியவிடுவோமே, அந்தப் பழைய பல்ப் உண்மையில் சுமார் 15 வாட். அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 65 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் வாக்கில் ஓடினாலே, பிடித்த கம்பியை விட முடியாமல் தசை இறுகிவிடும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் இருதயத்தின் துடிப்பே ஒழுங்கு தவறும் அபாயம் வந்துவிடும். ஈரமான உடம்பின் எதிர்ப்பு ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்டில் இருக்கும் மிகச் சின்ன எம்.சி.பி. 6 ஆம்பியர் என்றால், அது 6,000 மில்லி ஆம்பியர். ஒருவர் உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் ஓடும்போது, அந்த எம்.சி.பி.க்கு அது கொசு கடித்த மாதிரி. அது விழவே விழாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது, மனிதனைக் காப்பாற்ற அல்ல. மனிதனைக் காப்பாற்ற ஏற்பட்டது ஆர்.சி.சி.பி. என்ற சாதனம். ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது விடாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், "எங்கேயோ கசிகிறது, யாரோ தொட்டுவிட்டார்கள்" என்று ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் லைனைத் துண்டித்துவிடும்.

"எங்காத்தில்தான் எர்த் பிட் இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். நல்லதுதான், அது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. எர்த்தின் எதிர்ப்பு 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீஸர் உள்ளே பழுதாகி உடம்பில் மின்சாரம் ஏறினால், எர்த் வழியாக ஓடுவது 46 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால், சாதாரணமாக வீட்டில் இருக்கும் சி வகையில், குறைந்தது 80 ஆம்பியர் வேண்டும். அதனால் அது நிதானமாகச் சூடாகி, சற்று நேரம் கழித்துத்தான் விழும். அந்த நேரத்துக்குள் குழாயைத் தொட்டவர் கதி? கோடையில் பிட் காய்ந்து போனால் நிலைமை இன்னும் மோசம். எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் ஆகாது.

நம் ஆசாரங்களும் இதில் சம்பந்தப்பட்டவை. மடி என்று ஈரத் துணியோடு, வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று கிரைண்டர் ஸ்விட்சைத் தட்டும் வழக்கம் இன்னும் பல ஆத்தில் இருக்கிறது. மடியை விடச் சொல்ல நான் வரவில்லை. மடியாக இருக்கிற சமையலறைக்குத்தான் ஆர்.சி.சி.பி. முதலில் வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

சரி, நாம் செய்யலாமா, கூடாதா? சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி என்று ஒன்று இருந்தது. மின் அமைப்பில் எந்த வேலையையும் அரசாங்க லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேர் மேற்பார்வையில், பர்மிட் உள்ளவர்தான் கை வைக்க வேண்டும் என்றது அது. ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. விளக்கு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச், வீட்டுச் சாமான் இவற்றை மாற்றிப் போடுவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அந்த மாற்றம் அமைப்பின் கொள்ளளவையும் தன்மையையும் மாற்றாதவரை. 2003-ல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. 2010-லும் பிறகு 2023-லும் மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அடிப்படை மாறவில்லை.

எவ்வளவு அழகான கோடு பாருங்கள்! இருந்ததை எடுத்துவிட்டு அதே மாதிரி ஒன்றை வைப்பது க்ருஹஸ்தன் செய்யக்கூடியது. இல்லாததைப் புதிதாக உண்டாக்குவது, இருந்ததைப் பெரிதாக்குவது தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டியது. படிப்பு இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியே இங்கே இல்லை. எம்.டெக். படித்தவரானாலும் கோடு அதேதான்.

ஆக, உடைந்த ஸ்விட்சுக்குப் பதில் அதே அளவு ஸ்விட்ச், பழைய ஹோல்டருக்குப் பதில் புதிய ஹோல்டர், ஃபேன் ரெகுலேட்டர், ஃபேன் கண்டென்ஸர், அயர்ன் பாக்ஸின் ப்ளக் இவற்றைக் கை நடுக்கம் இல்லாதவர்கள், கண் நன்றாகத் தெரிபவர்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு மாற்றலாம். அதற்கும் சில நியமங்கள் உண்டு.

மெயினை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் இன்வர்ட்டர் இல்லாத வீடு அபூர்வம். மெயினை அணைத்த மாத்திரத்தில், "கரண்ட் போச்சு" என்று நினைத்து இன்வர்ட்டர் தன் கடமையைச் செய்யத் தொடங்கிவிடும். அதன் லைனில் உள்ள விளக்கும் ஃபேனும் உயிரோடுதான் இருக்கும். மெயின், இன்வர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். மாடியில் சோலார் இருந்தால் அதையும் துண்டிக்க வேண்டும்.

அணைத்த பிறகு சோதிக்க வேண்டும். நம் டெஸ்டரை வேதவாக்காக நம்பக் கூடாது. அதற்குள் இருக்கும் நியான் விளக்கு கெட்டுப் போயிருந்தாலும் எரியாது, பகல் வெளிச்சத்தில் எரிந்தாலும் தெரியாது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று கொள்ளலாம். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று கொள்ளக் கூடாது. முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறது என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் பாருங்கள். இந்த மூன்றையும் செய்ய ஒரு நிமிஷம் கூட ஆகாது. மெயின் அணைந்திருந்தால் ஆத்தில் கரண்ட் உள்ள இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அணைப்பதற்கு முன்பே அந்த ஸ்விட்ச் பாயிண்ட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடைசிப் பரீட்சைக்கு அபார்ட்மெண்ட் வராந்தாவின் பாயிண்ட்டோ அடுத்த ஆமோ இருக்கிறது. அது முடியாதென்றால், அந்த வேலை நமக்கு வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டூல். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் அடியைவிட, அந்த அதிர்ச்சியில் கீழே விழுவதால் வரும் இடுப்பெலும்பு முறிவு பெரிய ஆபத்து. பிள்ளைகள் அமெரிக்காவில், ஆத்தில் நாம் இரண்டே பேர் என்ற நிலைமையில் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று சற்று யோசியுங்கள். ஃபேன் இறக்கி மாட்டுவதற்கு ஆளைக் கூப்பிடுவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

நாம் தொடவே கூடாதவை: புதிய பாயிண்ட் இழுப்பது, போர்டில் எம்.சி.பி. மாற்றுவது, இன்வர்ட்டர் லைன், எர்த், சுவருக்குள் வயரை ஒட்டுப் போடுவது, ஏ.ஸி., கீஸர், இண்டக்ஷன் அடுப்பு போன்றவற்றுக்கு லைன் கொடுப்பது. இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், 3,000 வாட் கீஸர் 13 ஆம்பியர். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, மின்சாரக் கார். வீட்டில் சார்ஜ் செய்ய 3.3 கிலோவாட் என்றால் 14 ஆம்பியருக்கு மேல், அதுவும் கீஸர் மாதிரி பதினைந்து நிமிஷம் இல்லை, ராத்திரி முழுக்க. வாசலில் தோட்ட விளக்குக்காக இருக்கும் பழைய பாயிண்ட்டில், மூன்று பின்னை ஒடித்தோ அடாப்டர் சொருகியோ இதை ஓட்டுவது, கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிவது. பழைய அலுமினிய வயரோடு புதிய தாமிர வயரை முறுக்கிச் சேர்த்திருந்தால், அந்த ஒட்டுதான் முதலில் சூடேறிக் கருகும்.

இதுவரை மாமாவுக்குச் சொன்னேன். இனி மாமிக்கு. ஆளைக் கூப்பிட்டுவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். நான் சொன்ன நான்கு தப்புகளையும் செய்பவர்களில் கூலிக்கு வந்தவர்களும் உண்டு. பல அபார்ட்மெண்டுகளில் பம்ப் போடுபவர், குழாய் பார்ப்பவர், எலக்ட்ரீஷியன் மூன்றும் ஒரே ஆள். கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவரை நாம் கேட்கும் ஒரே கேள்வி, "எவ்வளவு ஆகும்?" கிடைக்கும் ஒரே பரீட்சை, "எரியறதா?" எரிந்துவிட்டால் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருஷம். அதன் பிறகு அனுபவம், பர்மிட். அப்படி வந்த ஒருவரின் கை, சுவர் தட்டும் சத்தத்திலேயே குழாய் எங்கே போகிறது என்று சொல்லும். அந்த ஞானத்தை, "வெறும் கைவேலை" என்று குறைவாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்? வைத்தியரிடம் பேரம் பேசுவதில்லை, ஆடிட்டரிடம் பேசுவதில்லை. உயிரைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை செய்பவரிடம் நூறு ரூபாய்க்கு அரை மணி பேசுகிறோம். அவரும் அந்த நூறு ரூபாயை எங்கேயாவது சரிக்கட்டுவார். பெரும்பாலும் எர்த் வயரில்தான், ஏனென்றால் அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும்.

ஆகவே கூலியைக் குறைக்காதீர்கள், கேள்வியைக் கூட்டுங்கள். மரியாதையாக உட்கார வைத்து, ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, இவற்றைக் கேளுங்கள்.

பர்மிட் இருக்கிறதா, எந்த ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்கிறார்? என்ன அளவு வயர் போடப் போகிறார்? பொதுவாக விளக்குக்கும் ஃபேனுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், பெரிய சாமான்களுக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் தாமிரம். வயரின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா? எஸ்.பி. ரோடுக்குப் போனால் எல்லா விலையிலும் வயர் கிடைக்கும். முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் இழுக்கிறாரா? பக்கத்துச் சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கினால் ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழும். "இது தொந்தரவு ஸார், எடுத்துடலாம்" என்பார்கள். பல வீடுகளில் அப்படித்தான் அந்த உயிர் காக்கும் சாதனத்துக்கு விடை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். விழுகிறது என்றால் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் சில பரீட்சைகள். மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து வயரின் இன்ஸுலேஷனைச் சோதிக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. எர்த்தின் எதிர்ப்பை அளக்க வேண்டும். ஒவ்வொரு ப்ளக் பாயிண்ட்டிலும், நாம் எதிரில் நின்று பார்க்கும்போது, மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல் என்று இருக்கிறதா? ஸ்விட்சை அணைத்தால் அறுபடுவது ஃபேஸ்தானா? ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? இவற்றை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் வயர் போகும் வழியை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிப்பவருக்கு அது புண்ணியம். லோடு கூடினால் பெஸ்காமில் சொல்லி அனுமதி லோடையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபாக்டரியில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மாமாவுக்கு இதுதான் சரியான உத்தியோகம். ஸ்டூலில் ஏறுவது அல்ல, இன்ஸ்பெக்ஷன். அவருடைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் உண்மையில் வேலை இருப்பது அங்கேதான்.

பண்டிகைக் காலத்துக்கு இரண்டு வார்த்தை. நவராத்திரிக் கொலுவுக்கு இப்போது பல ஆத்தில் இரும்புப் படி. அதன் மேல் போன வருஷத்து ஸீரியல் செட்டைச் சுற்றுகிறோம். ஓர் இடத்தில் வயர் உரிந்திருந்தால் படி முழுவதும் கரண்ட். ஒன்பது படிக்கும் குழந்தைகள்தான் பொம்மை எடுத்து வைக்கிறார்கள். செட்டை நீளமாகத் தரையில் விரித்து, உரிந்த இடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது முப்பது வருஷத்துப் பொம்மை இல்லை, பத்திரப்படுத்த. ஸரஸ்வதி பூஜையன்று மெயின் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் இடுபவர்கள், மூடிய கதவின் வெளிப்பக்கத்தில் இடுங்கள். குழைத்த சந்தனத்தில் ஜலம் இருக்கிறது. உள்ளே இருக்கும் எம்.சி.பி.க்குப் பொட்டு வேண்டாம், பக்தி போதும்.

ஆர்.சி.சி.பி.யில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இறுகிப் போய், வேண்டிய நேரத்தில் வேலை செய்யாது. எப்போது என்று மறந்து போகும் என்பவர்களுக்கு நம் பஞ்சாங்கமே வழி சொல்கிறது. மாதப் பிறப்பு தோறும் அழுத்துங்கள். பன்னிரண்டு தடவை, தலா பத்து விநாடி.

யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால், பதறிப் போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின், இன்வர்ட்டர் இரண்டையும் அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக் கட்டையால், உலர்ந்த இடத்தில் நின்று விலக்குங்கள். மூச்சோ நாடியோ இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்கி, 108-க்கோ 112-க்கோ போன் செய்யச் சொல்லுங்கள். அழுத்தும் முறையை உயிரோடு ஒரு மருத்துவர் காட்ட, நம் சங்கமே ஒரு நாள் முகாம் வைக்க வேண்டும் என்று காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறேன். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று ஆத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வேலைக்கு வருபவருக்கும்கூட. அதன் எதிரில் அரிசி டின்னையும் பழைய பேப்பர் கட்டையும் அடுக்காதீர்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் நம் தேசத்தில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல். எல்லோரும் வீட்டில் இறந்தவர்கள் அல்லர். வயலிலும் தெருவிலும் இறந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் வீட்டுக்குள் நிகழ்வது மட்டுமாவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே காரியதரிசியின் கேள்விக்கு என் பதில் இது. மாற்றுவதை நாம் செய்யலாம், உண்டாக்குவதை அவர் செய்யட்டும், சோதிப்பதை இருவரும் சேர்ந்து செய்வோம். அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஆத்துப் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். இருக்கிறது, ஆனால் விழவில்லை என்று ஒருவர் வந்து சொன்னாலும் நான் இன்று பேசியதற்குப் பலன் உண்டு. அவர் ஆத்தில் அதை அன்றைக்கே மாற்றிவிடுவார்கள்.